அனோஜாவுக்கும் ஒரு சோடி

வவுனிக்குளம் பக்கத்தில் ரஜிதாவோடு குத்துச்சண்டையில் மோதிப் பழக ஒரேயொருத்திதான் இருந்தாள். அவள் பெயர் அனோஜா.

கிளப்புக்கு வரும் பெடியங்களில் சிலர் ரஜிதாவுக்கு முன்னால் நின்றால் பூப்பறிப்பது போலக் குத்துவார்கள். வேறு சிலர், ஒரு பெட்டையிடம் அடி வாங்கினான் என்ற கதை ஊருக்குள் போய்விடக் கூடாதே என்று கண்மண் தெரியாமல் வீசுவார்கள். இரண்டாலும் அவளுக்குப் பிரயோசனம் இல்லை. அனோஜா வேறு மாதிரி. ரஜிதாவை விட மெலிந்தவள், வயதிலும் இளையவள். ஆனால் அடி வரும்போது கண்ணை மூடமாட்டாள். விழுந்தால் எழும்பி, பல்லுக் கவசத்தைச் சரிசெய்துகொண்டு, "ம், வா" என்பாள். குத்துச்சண்டை பழகுகிறவளுக்கு அதைவிடப் பெரிய சொத்துக் கிடையாது.

கிளப் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கூட்டுறவுச் சங்கத்தின் பழைய நெல்லுக் களஞ்சியம் அது. பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி படிப்பிக்கும் பிரேமிளா ரீச்சர் கேட்டு வாங்கி, கூட்டித் துடைத்து, விட்டத்தில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டிருந்தார். சாக்குக்குள் உமியும் மணலும். கையுறைகள் எல்லாம் யாரோ கொடுத்த பழசுகள். பிள்ளைகள் அந்தக் கையுறைகளைப் போட்டுத்தான் சாக்குக்கும் குத்தினார்கள். அவற்றைப் போட்டுத்தான் ஒருவரோடொருவர் மோதியும் பழகினார்கள்.

மாகாணப் போட்டிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், ரஜிதாவின் வலக்கை நேராகப் போய் அனோஜாவின் மேலுதட்டில் விழுந்தது. அதைவிடப் பலமாக அவள் எத்தனையோ தடவை அடித்திருக்கிறாள். அன்றைக்கு உதடு பிளந்துவிட்டது. இரத்தம் பெனியனில் வழிந்தது. ரீச்சர் ஓடிவந்து துவாயால் அமத்தினார். அனோஜா ஏதோ பகிடி சொல்லப் பார்த்தாள், வாய் ஒத்துழைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு ரஜிதா அந்தக் கையுறையை மடியில் வைத்துக்கொண்டு களஞ்சியத்து வாசலில் இருந்தாள். குத்து விழுந்த நேரம் அனோஜாவின் பல்லைத் தன் விரல் மொளியில் உணர்ந்திருந்தாள். கையுறைக்குள் இருக்கிற கைக்கு எதிராளியின் பல் தெரிவதென்றால் நடுவில் இருந்த பஞ்சு எங்கே போயிற்று? பெருவிரலால் அமத்திப் பார்த்தாள். உள்ளே போன பள்ளம் அப்படியே நின்றது. மணல் சாக்குக்குக் குத்திக் குத்தி, பஞ்சு செத்துப் பலகையாகிவிட்டிருந்தது.

அடுத்த நாள் அனோஜாவின் தாய் விமலேஸ்வரி களஞ்சியத்துக்கு வந்தா. குடியேற்றத் திட்டத்தின் முதல் வாய்க்காலோடு வயல் உள்ள குடும்பம் அவர்களுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் கழனியாக்கியவர்களின் பரம்பரை. ரஜிதாவின் வீடு வாய்க்காலுக்கு அங்கால். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய சனம் அங்கேதான் இருந்தது. தகப்பன் வீரையா கூலிக்கு வயல் செய்தே பிள்ளைகளை வளர்த்தார்.

"இது என்ன கண்டறியாத விளையாட்டு?" என்று விமலேஸ்வரி ரீச்சரிடம் கேட்டா. "நாளைக்குக் கலியாணம் காட்சி எண்டு வந்தா, உதட்டில தையலோட நிக்கிற பிள்ளையை ஆர் கட்டுவான்? அனோஜா இனி இஞ்ச வரமாட்டாள்." பிறகு ரஜிதாவின் பக்கம் திரும்பினா. "வாய்க்காலுக்கு அங்கால உள்ள உங்களுக்கு உது பழக்கமாய் இருக்கும். எங்கட பிள்ளையளை விடுங்கோ."

ரஜிதாவுக்கு முகம் சுட்டது. பதில் சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் மகளின் இரத்தத்தைக் கண்ட தாயோடு என்ன கதை கதைக்கிறது? குனிந்து கையுறைகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு அவள் சாக்கோடு மட்டும் பழகினாள். சாக்கு விலகாது, குனியாது, திருப்பி அடிக்காது. மல்லாவி ரவுணில் தையல் நிலையத்து வேலை முடிந்து, சைக்கிளில் நேரே களஞ்சியத்துக்கு வந்து, வேர்த்து விறுவிறுக்கக் குத்துவாள். குத்த விலகும் ஒரு முகம் இல்லாமல் கை சோம்பேறியாகிக்கொண்டு போவது அவளுக்கே விளங்கியது.

காலபோக அறுவடை முடிந்த கையோடு அண்ணன் சுமன் வந்து நின்றான். வெட்டு மெசின் ஓட்டுகிறவன். மாசி மாதம் முழுக்க நெற்தூசியில் கண் சிவந்து திரிந்தவன்.

"வெளிக்கிடு. வவுனியாவுக்குப் போறம். உனக்கு கிளவுஸ் வாங்கித் தாறன் எண்டு சொன்னனான் எல்லோ? போட்டிக்குப் புதுசோட போ."

மோட்டார் சைக்கிளில் மாங்குளம் வந்து, கண்டி வீதியில் ஏறி, வவுனியா விளையாட்டுச் சாமான் கடைக்குள் அவர்கள் நுழைந்தபோது வெயில் ஏறியிருந்தது. கடைக்காரர் நல்ல மனிதர். குத்துச்சண்டைக் கையுறை கேட்டு ஒரு பெட்டை வந்திருக்கிறாள் என்றதும் ஆர்வமாக எழும்பி, ரோசாப்பூ நிறத்தில் ஒரு சோடியை எடுத்து வைத்தார்.

"லேடீசுக்கு இது நல்ல வடிவு, தங்கச்சி. பாரமும் இல்லை."

சுமனின் கண் வேறு இடத்தில் நின்றது. கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு சிவப்புத் தோல் கையுறை, இறுக்கமாக, மினுமினுவென்று இருந்தது. "அதை எடுங்கோ அண்ணை. ரஜி, இதைப் பார். இதைப் போட்டுக்கொண்டு நிண்டா எதிரில நிக்கிறவள் வீட்டை ஓடிடுவாள்."

ரஜிதா பையிலிருந்து நீளமான துணிப்பட்டியை எடுத்தாள். மணிக்கட்டைச் சுற்றி, உள்ளங்கையைச் சுற்றி, மொளிகளுக்கு மேலால் கொண்டுபோய், விரல்களுக்கு இடையால் இழுத்து மறுபடி மணிக்கட்டில் முடித்தாள்.

"இதெல்லாம் இப்ப ஏன்?" என்றான் சுமன்.

"வெறுங்கையோட போட்டா எந்தக் கிளவுசும் அளவாத்தான் இருக்கும், அண்ணா. பழகேக்க பட்டி சுத்தித்தானே போடுறது."

சிவப்புக் கையுறை அவள் கைக்கென்றே தைத்தது போல ஏறியது. விரல் நுனிகள் மேல் மடிப்பைத் தொட்டன. விரலை மடக்கினால் கை தானாக மூடிக்கொண்டது. மணிக்கட்டு அசையாமல் நேராக நின்றது. மற்றக் கையில் ஒரு குத்துக் குத்திப் பார்த்தாள். கடை முழுக்கக் கேட்டது சத்தம். ஆசையாகத்தான் இருந்தது. இப்படி ஒன்றை அவள் வாழ்நாளில் போட்டதில்லை.

பிறகு அவள் செய்ததைப் பார்த்துக் கடைக்காரர் பதறிப் போனார். அந்தக் கையுறையால் தன்னுடைய நெற்றியிலேயே ஓங்கிக் குத்தினாள்.

"ஐயோ, என்ன பிள்ளை!"

ரஜிதா கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றாள். நெற்றிக்குள் ஒரு எலும்புச் சத்தம் கேட்டது. "பத்து அவுன்ஸ் தானே?" என்று கேட்டாள்.

"ஓம். போட்டியில போடுற அளவு."

"அண்ணா, இது எனக்கு நல்லது. அடி வாங்கிறவளுக்கு நல்லதில்லை."

சுமனுக்கு விளங்கவில்லை. "அடி வாங்கிறவளைப் பற்றி உனக்கென்ன? அடிக்கத்தானே போறாய்?"

"போட்டியில கிளவுஸ் அவையே தருவினம். ஒரு மூலைக்குச் சிவப்பு, மற்ற மூலைக்கு நீலம். நாங்கள் கொண்டு போறதைப் போட விடமாட்டினம். எனக்கு வேண்டியது போட்டிக்கு இல்லை, அதுக்கு முன்னால ஒவ்வொரு நாளும் மோதிப் பழக." கடைக்காரரிடம் திரும்பினாள். "அண்ணை, பஞ்சு கூடின பதினாறு அவுன்ஸ் இருக்கோ?"

இருந்தது. கிரிக்கெட் காற்கவசங்களுக்குப் பின்னால், மேல் தட்டில், தூசி படிந்து கிடந்தது. கடைக்காரர் ஏணி வைத்து ஏறி எல்லாவற்றையும் இறக்கி வைத்தார். கறுப்பு நிறம், மினுக்கம் கிடையாது, ஒவ்வொன்றும் ஒரு பப்பாசிப்பழம் அளவு.

"தலையணை மாதிரி கிடக்கு," என்றான் சுமன்.

"தலையணைதான் வேணும்."

ஒவ்வொன்றாகப் பெருவிரலால் அமத்தினாள். ஒன்றில் பஞ்சு உள்ளே போய்த் தயங்கித் தயங்கி வந்தது. அதை ஒதுக்கினாள். இன்னொன்றில் பஞ்சு திறம். ஆனால் பெருவிரல் உறை உடம்போடு சேர்த்துத் தைக்கப்படாமல் தனியே விலகி நின்றது. "இது எதிரில நிக்கிறவளின்ர கண்ணுக்குள்ள போகும்" என்று அதையும் தள்ளி வைத்தாள். கயிறு கட்டும் சோடி ஒன்று மணிக்கட்டை நன்றாகப் பிடித்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் கட்டிவிட ஆள் வேண்டும். களஞ்சியத்தில் யார் இருப்பார்? ஒட்டுப்பட்டி வைத்த ஒன்றைப் போட்டுத் தன் நெற்றியில் குத்தினாள். முன்னையதை விடப் பலமாகக் குத்தினாள். தலை பின்னால் போனது. எலும்புச் சத்தம் கேட்கவில்லை.

கடைக்காரர் இப்போது சிரித்துக்கொண்டு நின்றார். "இருபது வரியமாய் கடை வைச்சிருக்கிறன். தன்ர தலையில அடிச்சுப் பாத்துச் சாமான் எடுத்த ஆளை இண்டைக்குத்தான் காணுறன்."

"இதே மாதிரிப் பதினாலு அவுன்சில ஒண்டு வேணும். கை கொஞ்சம் ஒடுக்கமாய்."

"ரெண்டு சோடியோ?" என்றான் சுமன்.

"அந்தச் சிவப்பின்ர விலைக்கு இது ரெண்டும் வரும். மற்றது அனோஜாவுக்கு. அவள் மெலிஞ்ச பிள்ளை. பதினாறைத் தூக்கினா தோள் விழுந்திடும், கை கீழ வந்தா முகம் திறந்திடும்."

"அவளின்ர அம்மா எங்களுக்குச் சொன்ன சொல்லுக்குப் பிறகுமோ?"

ரஜிதா கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள். "அந்தச் சொல்லுக்கு எனக்கும் கோவம்தான், அண்ணா. ஆனா அனோஜா இல்லாம நான் வெல்ல மாட்டன். அவள் இருந்தா வெண்டாலும் வெல்லுவன்."

சுமன் சிவப்புச் சோடியைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். திரும்பும் வழியில் மாங்குளத்தில் பிளேன்ரீ குடிக்க நிறுத்தியபோது, தேத்தண்ணிக் கடைக்காரர் கேட்காமலே அவன் சொல்லத் தொடங்கிவிட்டான்: "என்ர தங்கச்சி பொக்சிங் அடிக்கிறவள். இண்டைக்குக் கிளவுஸ் எடுத்தவள், நீங்கள் பாத்திருக்க வேணும். தன்ர நெத்தியில தானே குத்தி எல்லோ எடுத்தவள்!" ரஜிதா வெட்கத்தில் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். ஆனாலும் அதை இரண்டாம் தரமும் கேட்க அவளுக்கு விருப்பமாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி அவள் தனியே போனாள். விமலேஸ்வரி முற்றத்தில் படங்கு விரித்து நெல்லுக் காயப் போட்டுக்கொண்டிருந்தா. காலால் நெல்லைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

"என்ன?"

"அனோஜாவைப் பாக்க வந்தனான், அன்ரி. உங்களையும்."

"அவள் வரமாட்டாள் எண்டு ரீச்சரிட்டச் சொன்னனான்."

"ஓம், ரீச்சர் சொன்னவா." ரஜிதா பையைத் திறந்து பழைய கையுறையை எடுத்து நீட்டினாள். "இதாலதான் அண்டைக்கு அடிச்சனான். ஒருக்கா அமத்திப் பாருங்கோ."

விமலேஸ்வரி வேண்டாவெறுப்பாக வாங்கினா. நெல்லைக் கையில் அள்ளியே ஈரத்தைச் சொல்லக்கூடிய மனுசி. பெருவிரல் பட்டதும் முகம் மாறியது. "இதென்ன, பலகை மாதிரி கிடக்கு?"

"இதைப் போட்டு நாங்கள் மோதியிருக்கக் கூடாது, அன்ரி. அண்டைக்குத்தான் எனக்கும் விளங்கினது." புதியதை எடுத்தாள். "இதை அமத்துங்கோ."

அமத்திய இடம் மெல்ல நிமிர்ந்து வந்தது. விமலேஸ்வரி இன்னொரு தரம் அமத்தினா. பிறகு கையுறையைத் திருப்பிக் கொடுத்தா. "எல்லாம் சரி. என்னத்தைப் போட்டு அடிச்சாலும் அடி அடிதானே."

"அப்ப அடிச்சுப் பாருங்கோ."

"ஆருக்கு?"

"எனக்கு."

குசினிக் கதவுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரஜிதா பழைய கையுறையை விமலேஸ்வரியின் வலக்கையில் மாட்டி, தன் நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றாள். விமலேஸ்வரி, சாமிப் படத்துக்குப் பொட்டு வைப்பது போல, மெல்லத் தொட்டா.

"அப்பிடியில்லை, அன்ரி. அண்டைக்கு என்னைப் பேசின மாதிரி அடியுங்கோ."

அந்தச் சொல் போய்ச் சேர்ந்தது. விமலேஸ்வரியின் கண் ஒரு கணம் கீழே போய் மேலே வந்தது. உடனே கையும் வந்தது. மூட்டை தூக்கிப் பழகிய கை. ரஜிதாவுக்குக் கண் கலங்கி, நெற்றியில் செம்புள்ளி எழும்பியது.

"ஐயோ பிள்ளை, நொந்திட்டுதோ?"

"ஓம், நொந்திட்டுது. இப்ப புதுசால. இதே பலத்தில."

மொத்தென்று விழுந்தது. ரஜிதாவின் தலை பின்னால் போய் நேராக வந்து நின்றது. விமலேஸ்வரி மற்றக் கையால் அவள் நெற்றியைத் தடவிப் பார்த்தா.

"நோகேல்லையோ?"

"அடி விழுந்தது தெரியுது. எலும்புக்குப் போகேல்ல. இனி அடியே படாது எண்டு பொய் சொல்லமாட்டன், அன்ரி. வீங்கும், நோகும். ஆனா கிழியக் குடுக்கமாட்டன்."

விமலேஸ்வரி கையுறையைப் பார்த்தா, ரஜிதாவைப் பார்த்தா. "இன்னொருக்கா அடிச்சுப் பாக்கட்டே?" என்று கேட்டா. பதிலுக்குக் காத்திருக்காமல் அடித்தும்விட்டா. இந்தத் தடவை குசினிக்குள் இருந்தவள் வெளியே வந்து விழுந்து விழுந்து சிரித்தாள். உதட்டில் தையல் தழும்பு மெல்லிய கோடாகத் தெரிந்தது.

"வா, போட்டுப் பார்," என்று ரஜிதா இரண்டாவது சோடியை அவளிடம் நீட்டினாள்.

அனோஜாவின் கை அதற்குள் வழுக்கிக்கொண்டு போய் அளவாக நின்றது. "என்ர கை அளவு உனக்கு என்னெண்டு தெரியும்?"

"ஒவ்வொரு நாளும் உனக்குப் பட்டி சுத்திவிட்டது ஆர்?"

விமலேஸ்வரி தன் கையிலிருந்த கையுறையைக் கழற்றினா. பிறகு, "அனோஜா, கதிரை ஒண்டு எடுத்துக்கொண்டு வா. பிள்ளை நிண்டுகொண்டே நிக்குது," என்றா. தேத்தண்ணி குடித்து முடியும்போது தன் நிபந்தனையையும் சொன்னா: "விடுறன். ஆனா நானும் வந்து இருந்து பாப்பன்."

சொன்னபடியே வந்தா. களஞ்சியத்து மூலையில் கிடந்த சாக்குக் கட்டின் மேல் இருந்துகொண்டு, ஆரம்பத்தில் ஒவ்வொரு குத்துக்கும் "முருகா" என்றா. நாளடைவில் முருகனை விட்டுவிட்டு, "கையைத் தூக்கடி, முகம் திறந்து கிடக்கு!" என்று கத்தத் தொடங்கினா. புதுக் கையுறைகள் சாக்கின் பக்கமே போகக் கூடாது என்பது ரஜிதாவின் சட்டம். அதை மீறிய ஒரு பெடியனை விமலேஸ்வரியே துரத்திப் பிடித்துக் கையுறையைக் கழற்றினா. பயிற்சி முடிய அவற்றுக்குள் பழைய பேப்பரைச் சுருட்டி வைத்து வேர்வையை உறிஞ்ச விடுவாள் ரஜிதா.

பயம் போனதும் இரண்டு பேருக்கும் கை திறந்தது. ரஜிதா இப்போது பலத்தை அடக்கி வைக்காமல் குத்தினாள். அதற்குத் தப்ப அனோஜா ஒரு வழி கண்டுபிடித்தாள்: வலக்கை புறப்படும்போதே இடப்பக்கம் குனிந்து, அதன் கீழால் நுழைந்து, விலாவில் ஒன்று கொடுத்துவிட்டு வெளியேறுவாள். முதல் தடவை அது விழுந்தபோது ரஜிதா மூச்சு நின்று முழந்தாளில் இருந்தாள். "நல்ல குத்து," என்று சொல்ல அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மாகாணப் போட்டி வவுனியாவில் நடந்தது. வெவ்வேறு எடைப் பிரிவுகளில் இரண்டு பேரும் இறங்கினார்கள். ரஜிதா முதல் சண்டையை இலகுவாக வென்றாள். அரையிறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சாரங்கா என்ற பிள்ளை எதிரே நின்றாள். உயரம், கை நீளம். எட்ட நின்றே குத்தினாள். ரஜிதா உள்ளே போக வழி தேடித் தேடிக் கடைசிச் சுற்றில்தான் கண்டுபிடித்தாள். அதற்குள் புள்ளிகள் போய்விட்டன. மூன்றாம் இடம்.

குளியலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெண்கலப் பதக்கம் ஆறுதலாக இருக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது அனோஜாவின் இறுதிச் சண்டைக்குப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்ப் போத்தலையும் துவாயையும் எடுத்துக்கொண்டு, பிரேமிளா ரீச்சருக்குப் பக்கத்தில் மூலையில் போய் நின்றாள்.

முதல் சுற்றில் அனோஜா தடுமாறினாள். இரண்டாவது சுற்றில் எதிராளி வலக்கையை ஓங்கினாள். அனோஜா இடப்பக்கம் குனிந்து கீழால் நுழைந்தாள். விலாவில் ஒன்று. வெளியே வந்துவிட்டாள். மறுபடி வலக்கை வந்தது, மறுபடி அதே குனிவு. மண்டபம் ஆரவாரித்தது. ரஜிதாவுக்கு உடம்பு புல்லரித்தது. அந்தக் குனிவு யாருடைய கைக்குத் தப்பப் பிறந்தது என்று அந்த மண்டபத்தில் ரீச்சரை விட்டால் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி மேடையில் நின்றாள், ஒருத்தி மூலையில் நின்றாள், மற்றவ பார்வையாளர் பக்கத்தில் கதிரைக்கு மேல் ஏறி நின்று "குனி, குனி, அப்பிடித்தான்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தா.

நடுவர் அனோஜாவின் கையை உயர்த்தினார். அவள் மேடையிலிருந்து இறங்கி, வேர்வையோடு அப்படியே ரஜிதாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அவளின்ர குத்து எனக்குக் குத்தாவே தெரியேல்ல, அக்கா. உன்ர வலக்கையை வாங்கினவளுக்கு உதெல்லாம் என்ன?"

ரஜிதா அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். தோற்ற கவலை முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடப் பெரியதொன்று நெஞ்சில் வந்து இருந்துகொண்டது. மண்டபத்தில் கைதட்டுகிறவர்கள் தனக்கும் சேர்த்துத்தான் தட்டுகிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. நிமிர்ந்து நின்று அதை வாங்கிக்கொண்டாள்.

சனம் கலையும்போது சாரங்கா வந்தாள். தங்கப் பதக்கம் கழுத்தில் தொங்கியது. ரஜிதாவிடம் வந்து கொஞ்சம் தயங்கி நின்றாள்.

"அக்கா, கடைசி ரவுண்டில நீங்கள் உள்ளுக்க வந்து அடிச்சது இன்னும் நோகுது. எங்கட பக்கம் அப்பிடி அடிக்கிற ஆள் ஒருத்தரும் இல்லை. லீவுக்கு உங்கட கிளப்புக்கு வந்து பழகலாமோ?"

ரஜிதா அவளுடைய நீண்ட கைகளைப் பார்த்தாள். அந்தக் கைகளுக்குள் நுழைய இன்னும் எவ்வளவோ பழக வேண்டும் என்று நினைக்கவே அவளுக்குக் கை துருதுருத்தது.

"ஓம், வா. மாங்குளத்தில இறங்கித் துணுக்காய் பஸ் எடு. நெல்லுக் களஞ்சியம் எண்டு கேட்டாச் சின்னப் பிள்ளையும் காட்டும்," என்றாள்.